விருந்தாளிக்கு வைத்த மீன்தலை

என் கணவர் ஒரு வெள்ளைக்காரரின் கத்திக்குக் கீழே கையை நீட்டிக்கொண்டு நின்றார். அந்த நாளை நினைத்தால் இதுதான் முதலில் வருகிறது.

படகின் பின்பக்கத்தில் நீளமாக ஒரு பலகை. அதன் இரண்டு பக்கமும் றப்பர் உடுப்புப் போட்ட ஆண்கள் வரிசையாக நின்று மீன் வெட்டிக்கொண்டிருந்தார்கள். சதையை மட்டும் இரண்டு பக்கமும் வழித்து எடுத்துவிட்டு, தலையும் நடுமுள்ளும் வாலுமாகக் கிடந்த மிச்சத்தைத் தோளுக்கு மேலால் கடலுக்குள் எறிந்தார்கள். பின்னால் கடற்பறவைகள் ஒன்றை ஒன்று கொத்திக்கொண்டு கத்தின.

இவர் கையில் ஒரு நீல வாளி. முகம் முழுக்கச் சிரிப்பு. இவருக்குத் தெரிந்த ஜெர்மன் சொற்களை ஒரு கையிலேயே எண்ணிவிடலாம். அதில் இரண்டை எடுத்து, "பிற்றே, கோப்ஃ" என்றார். தயவுசெய்து, தலை.

கத்தி நின்றது. அந்த மனிதர் வாளியைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், பிறகு படகின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார். காலையில் இருந்து நாலைந்து தடவை வாந்தி எடுத்து, தலைமயிர் முகத்தில் ஒட்டி, யாரோ போட்டுக் கழித்த பெரிய கோட்டுக்குள் நான் கூனிப்போய் நின்றேன். பலகையின் அந்த முனையில் யாரோ சிரித்தார்கள். பிறகு அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. அது நின்றதுதான் எனக்குப் பெரிய வெட்கமாக இருந்தது.

"வேண்டாமப்பா, எல்லாரும் பாக்கினம்" என்றேன்.

"பாக்கட்டும். எறியிறதைத்தானே கேக்கிறன்."

"அதுக்காகக் கேட்டு வாங்கிறதே?"

"ஞாயிற்றுக்கிழமை பீட்டர்சனையும் மனிசியையும் கூப்பிடுவம். இதை விட்டால் எனக்கு எப்ப ஏலும், நீர் சொல்லும்?"



தபால்காரரும் மனைவியும்

குளிர்காலக் கோட்டுகளைப் பற்றிப் போன வாரம் எழுதியதை வாசித்துவிட்டு, அவற்றைக் கொண்டுவந்து தந்தவர்கள் யார் என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அவர்கள்தான் பீட்டர்சன் தம்பதி.

ஹெர் பீட்டர்சன் எங்கள் ஊர்த் தபால்காரர். எங்கள் ஊர் என்று எழுத எனக்கே சிரிப்பாக இருக்கிறது. வடஜெர்மனியில், பால்டிக் கடலோரத்தில், மீன்பிடிப் படகுகள் கட்டிய ஒரு சின்னத் துறைமுகம் அது. அகதி விண்ணப்பம் போட்டவர்களை நாடு முழுக்கப் பிரித்து அனுப்பினார்கள். ஸ்டுட்கார்ட்டுக்குப் போனவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அங்கே தமிழ் முகங்களைக் காணலாம், மிளகாய்த்தூளும் பழப்புளியும் எப்படியோ வந்து சேரும். எங்களுக்குக் கிடைத்தது காற்று. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மூடிக்கிடந்த ஒரு பழைய விடுதியைத் திறந்து, குடும்பத்துக்கு ஓர் அறை, மாடிக்கு ஒரு குசினி என்று கொடுத்திருந்தார்கள். ஹைம் என்று சொல்வோம்.

அவர் மனைவி ஃபிராவ் பீட்டர்சன் மாதாகோயில் மண்டபத்தில் எங்களுக்கு ஜெர்மன் படிப்பித்தார். நான் ஒழுங்காகப் போனேன். இவர் இரண்டு வகுப்போடு நிறுத்திவிட்டார். "இந்த வயதிலை எனக்கு நாக்குச் சுழலாது" என்பார். அப்போது அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

இவர் ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தவர். ஒரு நாளும் தனியாகச் சாப்பிட்டு நான் கண்டதில்லை. மத்தியானம் யாரையாவது கூட்டிக்கொண்டு வருவார், என்னிடம் ஒரு சொல் சொல்லாமல். சீனி இறக்க வந்த லொறிக்காரர், கணக்குப் பார்க்க வந்த உத்தியோகத்தர், வழியில் கண்ட பழைய பள்ளிக்கூடத் தோழர். நான் குசினிக்குள் நின்று பல்லைக் கடிப்பேன். இவர் சட்டியோடு நின்று பரிமாறுவார். சாப்பிட்டவர் வயிறு நிறைந்து ஏவறை விட்டால்தான் இவருக்கு அன்றைய நாள் முடியும்.

அப்படிப்பட்ட மனிதருக்கு இங்கே வேலை செய்ய அனுமதியில்லை. கட்டிலில் இருந்து யன்னலுக்கும், யன்னலில் இருந்து கட்டிலுக்கும் நடந்தார். பீட்டர்சன் வீட்டில் நாங்கள் சாப்பிட்ட சாப்பாட்டுக்குக் கணக்கில்லை. கேக், உருளைக்கிழங்கு, நத்தார்ப் பண்டிகைக்கு வாத்து. அவர்கள் எங்கள் அறைக்கு வந்தால் தேத்தண்ணீரும் பிஸ்கட்டும்தான்.

சோசல் அலுவலகம் எங்களுக்குக் காசுக்குப் பதிலாகக் கடைச் சீட்டுத்தான் தந்தது. அந்தச் சீட்டை நீட்டினால் கடைப் பெண் மணியடித்து மேலாளரைக் கூப்பிடுவாள். அவர் வந்து கையெழுத்து வைக்கும்வரை பின்னால் நிற்கும் வரிசை முழுக்க எங்கள் கூடைக்குள் எட்டிப் பார்க்கும். அந்த மணிச் சத்தத்துக்காகவே நான் பல நாள் கடைக்குப் போகாமல் இருந்திருக்கிறேன். அப்படி வாங்கியதை வைத்து யாருக்கு விருந்து வைப்பது?

"வாங்கி வாங்கிக் கை மரத்துப்போச்சு" என்று இவர் ஒருநாள் சொன்னார். "அந்தாளுக்கு ஒரு நேரமாவது வயிறு நிறையச் சோறு போடவேணும். அப்பதான் நான் ஒரு மனிசன்."

வேறு எதுவும் இவர் அந்த நாட்டிடம் கேட்கவில்லை. விசாவைப் பற்றிக்கூட அவ்வளவு கவலைப்படவில்லை.

கடல் எந்த மாவட்டம்?

தபால் ஊழியர்கள் வருஷத்துக்கு ஒருமுறை ஒரு படகை வாடகைக்குப் பிடித்துக் கடலுக்குள் மீன்பிடிக்கப் போவார்கள். அந்த வருஷம் இரண்டு பேருக்குச் சுகமில்லை. ஹெர் பீட்டர்சன் எங்களைக் கேட்டார். இவருக்கு ஒரு மாற்றமாக இருக்கட்டும் என்று, மொழிபெயர்க்க என்னையும் சேர்த்து.

எனக்கு முதலில் வந்தது பயம்தான். எங்கள் மாவட்டத்தைத் தாண்டிப் போவதற்கு அனுமதி வேண்டும். தாண்டினால் தண்டம். கடல் எந்த மாவட்டம் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஹெர் பீட்டர்சனிடம் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "மீன்களிடம் அனுமதிச் சீட்டு இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை" என்றார். அது பகிடியா பதிலா என்று தெரியாமலே நாங்கள் போனோம். மகளை அடுத்த அறைத் திலகா அக்காவிடம் விட்டுவிட்டு, விடியும் முன்னே இறங்கினோம்.

வசந்தகாலம் என்று நாட்காட்டி சொன்னது. கடலுக்கு அது தெரியவில்லை. துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததும் காற்று காதுக்குள் புகுந்து பல்லில் வலித்தது. கடல் சாம்பல் நிறம். வானமும் அதே நிறம். கரை மறைந்த பிறகு எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.

மீன்பிடி ஒழுங்கு இப்படி. கப்பித்தான் ஓர் இடத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஊதுவார். உடனே படகின் இரண்டு கரையிலும் நிற்கும் எல்லோரும் தூண்டிலை இறக்குவார்கள். நுனியில் இரை இல்லை. மீன் மாதிரி வடித்துப் பளபளப்பாக்கிய ஒரு கனத்த ஈயத்துண்டு, அதில் மூன்று முனைக் கொளுக்கி. அது போய் அடித்தரையில் முட்டும். முட்டியதும் தடியைத் தூக்க வேண்டும், விட வேண்டும், தூக்க வேண்டும், விட வேண்டும். அடியில் படுத்துக் கிடக்கிற மீன் அதைக் குஞ்சு மீன் என்று நினைத்துப் பாயும். கப்பித்தான் மறுபடி ஊதினால் எல்லோரும் சுற்றி எடுக்க வேண்டும். படகு வேறு இடம் போகும்.

இவர் முதலில் இழுத்தது பக்கத்து மனிதரின் நூலை. இரண்டாவது, அந்தப் பக்கத்து மனிதருக்குப் பக்கத்து மனிதரின் நூலை. மூன்றாவதாக இழுத்தபோது தடி வில்லாக வளைந்தது. நான் அப்போது கம்பிக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்ததால், தண்ணீருக்குள் இருந்து அது ஏறி வருவதை முதலில் கண்டவள் நானேதான். பச்சையும் மண்ணிறமுமாய்ப் புள்ளி போட்ட பெரிய மீன், தடித்த சொண்டு, தாடையில் தொங்கும் ஒற்றை மயிர். டொர்ஷ் என்று அங்கே சொல்வார்கள். ஒரு கொக்கியால் கொளுவி மேலே போட்டார்கள். எல்லோரும் இவர் முதுகில் தட்டினார்கள். ஒரு சின்னக் கிளாசில் சாராயம் கொடுத்தார்கள்.

இவர் சிரித்தார். இரண்டு வருஷத்தில் இவர் அப்படிச் சிரித்து நான் காணவில்லை. என் குடல் வாய்க்குள் வந்து நின்றது. ஆனாலும் வந்தது நல்லது என்று நினைத்தேன்.

மத்தியானம் கீழே சின்ன அறையில் எல்லோருக்கும் பட்டாணி சூப் ஊற்றினார்கள். அதன் மணம் மேலே வர, நான் மறுபடி கம்பிக்கு ஓடினேன். கோட்டைத் தந்தவருக்கு முன்னாலேயே அந்தக் கோட்டை நாசமாக்கிக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளைக்கு வைப்பது

கரைக்குத் திரும்பும் வழியில்தான் மீன் வெட்டத் தொடங்கினார்கள். இவர் அதைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தார்.

"இஞ்சரும், தலையை எறியினம்! பாரும், பாரும், அந்தப் பெரிய தலை!"

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மீன் குழம்பு வைத்தால் தலை யாருக்கு என்பது எல்லா வீட்டிலும் முடிவான விஷயம். கலியாணம் முடிந்து முதன்முதலாக எங்கள் வீட்டில் சாப்பிட இருந்தபோது இவருக்கு வைத்தது ஒரு பெரிய விளைமீன் தலை. அம்மா கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இவர் கன்னத்துச் சதையை எடுத்து, கண்ணை உறிஞ்சி, மூளையைத் தட்டி எடுத்து, கடைசியில் எலும்பை ஒவ்வொன்றாக ஓரத்தில் அடுக்கி வைத்தார். "தலை தின்னத் தெரிஞ்ச பிள்ளை, குடும்பம் நடத்தும்" என்று அம்மா என் காதுக்குள் சொன்னார். என் தம்பிமார் நடுத்துண்டைத் தின்றுகொண்டு அந்தத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரருக்கு நடுத்துண்டு, வந்தவருக்குத் தலை. அதுதான் மரியாதை.

ஆகவே இவர் வாளியை நீட்டியபோது இவர் கண்ணில் குப்பை இல்லை. விருந்து இருந்தது.

நிறுத்திய கத்தியை அந்த மனிதர் மறுபடி எடுத்தார். தலையை உடம்பில் இருந்து வெட்டி, மெதுவாக வாளிக்குள் வைத்தார். எறியவில்லை, வைத்தார். அடுத்தவரும் வைத்தார். ஹெர் பீட்டர்சன் என்னிடம் வந்து, "இதை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்.

"சாப்பிடுவோம்" என்றேன்.

அவர் தன் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். துறைமுகத்தில் இறங்கும்போது படகில் வந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து, கடதாசியில் சுற்றிய சதைத் துண்டுகளை எங்கள் பைக்குள் வைத்தார்கள். ஒருவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்தார். எவ்வளவு அன்பான சனம் என்று பேசிக்கொண்டே நாங்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தோம்.

விருந்து

குளிர்சாதனப் பெட்டி மாடிக்கு ஒன்று. அதற்குள் வாளி போகாது. யன்னலுக்கு வெளியே கட்டித் தொங்கவிட்டோம். குளிருக்கு அது போதும். ஆனால் பறவைகள் எப்படியோ அறிந்துவிட்டன. ஞாயிறு விடிய இவர் ஒரு தும்புத்தடியோடு யன்னலில் நின்று அவற்றோடு யுத்தம் செய்தார்.

தூளும் புளியும் ஸ்டுட்கார்ட்டில் இருந்து ஒருவர் தபாலில் அனுப்பியவை. அதைக் கொண்டுவந்து தந்தவரே ஹெர் பீட்டர்சன்தான். தேங்காய்க்கு, கேக் செய்கிறவர்கள் வாங்கும் உலர்ந்த துருவலைச் சுடுநீரில் ஊறவைத்துப் பிழிந்தேன். அரிசி, அப்படியே கொதிநீரில் போடுவதற்கு ஓட்டைப் பைகளுக்குள் அடைத்து விற்பது. பையை வெட்டிக் கொட்டிச் சமைத்தேன். குழம்பு கொதித்தபோது மாடி முழுக்கக் கதவுகள் திறந்தன. "என்ன தலையோ?" என்று திலகா அக்கா எட்டிப் பார்த்து, "குடுத்துவைச்ச விருந்தாளியள்" என்றார்.

அந்தச் சதைத் துண்டுகளை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. குழம்பில் போட்டால் பஞ்சுபோலக் கரைந்துவிடும். முள்ளும் இல்லை, ருசியும் இல்லை. பொரித்து மகளுக்கும் திலகா அக்காவின் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டேன்.

பீட்டர்சன் தம்பதி சரியான நேரத்துக்கு வந்தார்கள். அவர் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். அவர் மனைவி பூக்கொத்தோடு வந்தார். இவர் இரவலாக வாங்கிய இரண்டு கதிரைகளில் அவர்களை இருத்தினார். மகள் கட்டிலில் இருந்து தன் பொரியலைத் தின்றுகொண்டிருந்தாள். நான் சோறு போட, இவர் இருப்பதிலேயே பெரிய தலையை அவருக்கும், அடுத்ததை அவர் மனைவிக்கும் தூக்கி வைத்து, குழம்பை மேலால் ஊற்றினார். பிறகு நாங்கள் இரண்டு பேரும் சட்டியோடு பக்கத்தில் நின்றோம்.

விருந்தாளி சாப்பிடும்போது வீட்டுக்காரர் நின்று பரிமாறுவதுதானே முறை. எங்கள் பங்கை நாங்கள் பிறகு சாப்பிடுவோம்.

மீன் கண் வெந்து வெள்ளை முத்தாகி, ஹெர் பீட்டர்சனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் சாப்பிடவில்லையா?" என்று ஃபிராவ் பீட்டர்சன் கேட்டார்.

"பிறகு" என்றேன்.

அவர் எங்களைப் பார்த்தார். வெறும் கையோடு நிற்கும் இரண்டு பேரை. கட்டிலில் சதைத் துண்டு தின்னும் பிள்ளையை. தன் சாப்பாட்டுக் கோப்பையில் கிடந்த தலையை. பிறகு கணவரின் பக்கம் குனிந்து மெல்லிய குரலில் பேசினார். எனக்கு ஜெர்மன் படிப்பித்தவரே அவர்தான், எனக்கு அது விளங்கும் என்பதை அந்த நேரம் மறந்துவிட்டார்.

"நல்லதைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, மிஞ்சியதை எங்களுக்கு வைத்திருக்கிறார்கள். தங்களுக்கு ஒன்றுமே இல்லை. சாப்பிடாதே, அவர்களுக்கு விட்டுவிடு."

எனக்குக் காது சுட்டது. கையில் இருந்த அகப்பையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அவர்கள் சோற்றின் ஓரத்தில் நாலு வாய் எடுத்தார்கள். தலையில் முள்ளுக்கரண்டி படவேயில்லை. பிறகு கோப்பைகளை மெல்ல எங்கள் பக்கம் தள்ளிவிட்டார்கள். வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தோம், இது உங்கள் இரவுச் சாப்பாட்டுக்கு இருக்கட்டும் என்றார் ஃபிராவ் பீட்டர்சன்.

"என்னவாம்?" என்று இவர் கேட்டார். சட்டி இன்னும் கையில் இருந்தது.

"வயிறு நிறைஞ்சிட்டுதாம். பின்னேரம் நாங்கள் சாப்பிடட்டாம்."

"தலையிலை கையே வைக்கேல்லை" என்றார் இவர்.

காருக்குள் இருந்த பெட்டிகள்

ஹெர் பீட்டர்சன் எழுந்து கீழே போனார். மறுபடி வந்தபோது நெஞ்சு உயரத்துக்கு இரண்டு கடதாசிப் பெட்டிகள். இன்னொரு தடவை இறங்கி ஏறினார். தகரத்தில் அடைத்த மீன், மா, சீனி, நூடில்ஸ், யாரோ வீட்டில் செய்த ஜாம். மேலே உறைய வைத்த மீன் பொதிகள், படகில் வந்தவர்கள் கொடுத்துவிட்டவை.

ஃபிராவ் பீட்டர்சனின் கண் கலங்கியிருந்தது. "நாங்கள் எவ்வளவு வெட்கப்பட்டோம் தெரியுமா?" என்றார். "உங்களுக்குச் சாப்பாட்டுக்கே இவ்வளவு கஷ்டம் என்று தெரியாமல், வகுப்பில் உங்களுக்குச் செய்யுளும் பாட்டும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கடலில் எறிகிறதைக் கேட்டு வாங்கினீர்கள் என்று என் கணவர் வந்து சொன்னபோது எனக்கு நித்திரை வரவில்லை. கோயிலில் எல்லோரிடமும் சொன்னோம்."

கோயிலில் எல்லோரிடமும். அந்தச் சின்ன ஊரில் எல்லோரும் என்றால் எல்லோரும்தான். கடையில் மணியடிக்கிற பெண் உட்பட.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் ஜெர்மன் அன்று வரை அவ்வளவு நன்றாக ஓடியதில்லை. நாங்கள் பட்டினி இல்லை என்றேன். தலைதான் மீனில் சிறந்தது, அதை மாப்பிள்ளைக்குத்தான் வைப்போம், சதைத் துண்டு பிள்ளைகளுக்குப் போடுவது, நாங்கள் நின்றது எங்கள் மரியாதை, என் புருஷன் உங்களுக்காகத்தான் அத்தனை பேருக்கு முன்னால் கையை நீட்டினார் என்றேன். ஒன்றையும் விடவில்லை.

ஃபிராவ் பீட்டர்சனின் கழுத்தில் இருந்து மெல்ல மெல்லச் சிவப்பு ஏறியது. ஹெர் பீட்டர்சன் மேசையைப் பார்த்தார். அவர் தள்ளிவிட்ட கோப்பை அங்கேதான் இருந்தது. குழம்பு ஆறி எண்ணெய் மிதந்தது. திரும்பவும் இருந்து சாப்பிடவும் அவரால் முடியவில்லை, போகவும் முடியவில்லை. கோட்டின் பொத்தானை மாற்றிப் பூட்டிக்கொண்டு நின்றார். என் கணவரின் கையைப் பிடித்தார். பிறகு இரண்டு பேரும் படியிறங்கிப் போனார்கள்.

"நீர் என்ன சொன்னனீர்?" என்று இவர் கேட்டார்.

"உள்ளதைச் சொன்னன்" என்று எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். எனக்காகச் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

இவர் சட்டியை மேசையில் வைத்தார். "வீட்டுக்கு வந்த ஆக்களை வெட்கப்படுத்திறதே?" என்றார். "பிச்சைக்காரர் எண்டு நினைச்சால் நினைச்சிட்டுப் போகட்டும். சாப்பிட வந்தவையை அழவைச்சு அனுப்பிப்போட்டீரே."

படகில் வந்த வெட்கம், கடையில் வரும் வெட்கம் எல்லாம் யாரோ எங்களைப் பார்ப்பதால் வந்தவை. இது அப்படி இல்லை. யாருமே பார்க்காத அந்த அறையில் நான் முகத்தை மூடிக்கொண்டு இருந்தேன். தலைகளைத் திலகா அக்கா வீட்டாரோடு பங்கிட்டுச் சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்திருக்கும். எனக்கு ருசி தெரியவில்லை.

உருளைக்கிழங்குக் குவியல்

அதன் பிறகு நான் ஜெர்மன் வகுப்புக்குப் போகவில்லை. பெட்டிகள் கட்டிலுக்குக் கீழே பல நாள் கிடந்தன. இவர் அவற்றைத் தொடவில்லை. கடைசியில் மாடியில் இருந்த எல்லோருக்கும் நான் பிரித்துக் கொடுத்தேன்.

ஊருக்குள் சனம் எங்களைக் கண்டால் முன்னைவிட அன்பாகச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்குப் பயந்து நான் பின்வீதியால் நடந்தேன். ஒருநாள் கடையில் ஃபிராவ் பீட்டர்சனை எதிரில் கண்டேன். அவரும் என்னைக் கண்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்து உருளைக்கிழங்கைப் பார்க்கத் தொடங்கினோம். உருளைக்கிழங்கை அவ்வளவு கவனமாக யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நிமிர்ந்தபோது அவர் போய்விட்டார்.

தபால் வந்துகொண்டுதான் இருந்தது. முன்பெல்லாம் மேலே ஏறி வந்து கதவைத் தட்டிக் கையில் தருவார் ஹெர் பீட்டர்சன். இப்போது கீழே பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போனார். இவர் யன்னலில் நின்று அவருடைய சைக்கிள் வருவதையும் போவதையும் பார்ப்பார். "போயிட்டார்" என்பார். எனக்குச் சொல்வதா தனக்குச் சொல்வதா என்று தெரியாது.

சில வாரம் கழித்து ஒரு மத்தியானம். வார முடிவு, சீட்டும் முடிந்திருந்தது. அறையில் சோறும் பருப்பும் மட்டும். அதற்கு மேல் செத்தல் மிளகாயும் வெங்காயமும் பொரித்து வைத்திருந்தேன். கதவு தட்டிய சத்தம் கேட்டுத் திறந்தேன்.

ஹெர் பீட்டர்சன் நின்றார். தபால் உடுப்போடு, தனியாக. கையில் கடிதம் இல்லை, பூ இல்லை, பெட்டி இல்லை. முகம் படகில் நான் இருந்த மாதிரி இருந்தது.

"நான் இன்னும் சாப்பிடவில்லை" என்றார்.

ஒருவர் வீட்டு வாசலில் வந்து நின்று அப்படிச் சொல்வது அந்த நாட்டில் எவ்வளவு கூச்சமான காரியம் என்று எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது. அவர்களுக்குள் யாரும் செய்யமாட்டார்கள். எனக்கு வேறு கவலையும் வந்தது. இவரைத் தள்ளிக்கொண்டுபோய் அலமாரிக்குப் பக்கத்தில் நின்று, "பருப்பும் சோறும்தான் கிடக்கு. எப்பிடிக் குடுக்கிறது?" என்றேன். வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது. கேட்டு வந்தவருக்குக் கொடுக்க வீட்டில் ஒரு துண்டு மீன்கூட இல்லை.

"போடும்" என்றார் இவர். "கேட்டு வந்திட்டார். போடும்."

கதிரையை இழுத்து அவரை இருத்தினார். கோப்பையைத் துடைத்து வைத்தார். சோற்றுப் பானையை என்னிடம் இருந்து வாங்கித் தானே பரிமாறினார். ஹெர் பீட்டர்சன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். மிளகாய் கடித்து முகம் சிவந்தது, மூக்கு ஒழுகியது. கைக்குட்டையால் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தார்.

போதும் என்றால் கோப்பைக்கு மேல் கையை விரித்துத் தடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. தடுக்காத ஒருவருக்குப் போடாமல் நிறுத்த இவருக்குத் தெரியாது. கோப்பை காலியாக இவர் போட்டார். போட்டதை அவர் சாப்பிட்டார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கடைசியில் பானையில் அகப்பை சுரண்டும் சத்தம் கேட்டது.

அவர் எழுந்து இவருக்குக் கை கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். மெதுவாகப் படியிறங்கினார். யன்னலால் பார்த்தேன். சைக்கிளில் ஏறுவதற்கு அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

எங்களுக்கு அன்று சோறு இல்லை. பாண் ரொட்டித் துண்டை எடுத்துக்கொண்டு இவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"அந்தாள் வெட்கத்திலை சாப்பிட்டிட்டுப் போகுது" என்றேன்.

இவர் வெறும் பானையைத் தூக்கிக்கொண்டு குசினிப் பக்கம் நடந்தார். கதவடியில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"அதுக்கென்ன?" என்றார். "நாங்களும் ரெண்டு வருஷமாய் இஞ்சை அப்பிடித்தானே சாப்பிடுறம்."